ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 8: இது நார்மலா?

வாசகர் கேள்விகள் – மருத்துவக் குழுவின் பதில்கள்

பதின்வயதுப் பிள்ளைகளின் இரும்புச்சத்துப் பரிசோதனையையும் சீலியாக் நோயையும் சேர்த்துக் கேட்டு வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சீலியாக் என்பது ஒவ்வாமை அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சாப்பிடும்போது, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்கும் நோய் அது.

என் மகளுக்கு 14 வயது. எப்போதும் அசதி, படிப்பில் கவனமில்லை. ஹீமோகுளோபின் 12.3, சீரம் இரும்பு 72, டிஐபிசி 445, ஃபெரிட்டின் 8. லேப் ரிப்போர்ட்டில் எதற்கும் 'குறைவு' என்ற குறி இல்லை. ஆனால் மருத்துவர் சீலியாக் பரிசோதனையும் எடுக்கச் சொல்கிறார். எல்லாம் நார்மல் என்றால் அது எதற்கு?

எல்லாம் நார்மல் இல்லை. உங்கள் மகளின் உடலில் இரும்புக் கையிருப்பு ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது.

நான்கு எண்களில் முதலில் பார்க்க வேண்டியது ஃபெரிட்டின். குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று சொல்வது ஃபெரிட்டின். அன்றைக்கு வண்டியில் எத்தனை மூட்டை போகிறது என்று சொல்வது சீரம் இரும்பு. குதிர் காலியான பிறகும் சில நாள் வண்டி ஓடும். நோய்த்தொற்றோ அழற்சியோ இல்லாத பதின்வயதினருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே ஃபெரிட்டின் போனால் இரும்புக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைமுறையில் பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே இருந்தாலே கவனிக்கத் தொடங்குகிறார்கள். 8 என்பது எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் குறைவுதான். சில ரிப்போர்ட்டில் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று இருக்கும். அதுவும் லிட்டருக்கு மைக்ரோகிராமும் ஒரே எண்தான், மாற்றிக் கணக்கிட வேண்டாம்.

பிறகு ஏன் லேப் குறி போடவில்லை? சில லேப்கள் பெண்களுக்கான கீழ் எல்லையை 5, 6 என்றே வைத்திருக்கின்றன. ஆரோக்கியமானவர்கள் என்று நினைத்து அளவெடுத்த கூட்டத்திலேயே இரும்புக் குறைபாடு உள்ள பெண்கள் நிறைய இருந்தால் எல்லையும் தாழ்ந்துதான் வரும். குறி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் குறையும். 12 முதல் 14 வயது வரை டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே வந்தால் ரத்தசோகை. 15 வயது முதல் பெண்களுக்கு அதே 12, ஆண்களுக்கு 13. உங்கள் மகள் 12.3-இல் இருப்பதால் அவளுக்கு இப்போது ரத்தசோகை இல்லாத இரும்புக் குறைபாடு. அசதி, கவனக்குறைவு, முடி உதிர்தல், இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது, ஐஸ் கட்டியை மெல்லும் ஆசை எல்லாம் இந்தக் கட்டத்திலேயே வரலாம்.

சீரம் இரும்பு 72 என்பதை நம்பி உட்கார வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் வேறொன்று என்று ஒரே நாளில் ஏறி இறங்கும் எண் அது. அதைத் தனியாகப் படிக்காமல் டிஐபிசியால் (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 72 ÷ 445 × 100 = 16.2 சதவீதம். இதுதான் டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது. 16-க்குக் கீழே போனால் திசுக்களுக்கு இரும்பு போதவில்லை என்று பொருள். அவள் அந்த விளிம்பில் நிற்கிறாள். டிஐபிசி 445 என்பதும் மேல் எல்லையை ஒட்டியது. இரும்பு குறையக் குறைய உடல் அதைப் பிடிக்க அதிகப் புரதத்தைத் தயாரிக்கும், அதனால்தான் ஏறுகிறது.

இனி காரணம். இந்த வயதுப் பெண்களுக்கு வளர்ச்சி வேகம், மாதவிடாய், சாப்பாட்டில் இரும்பு குறைவு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதுதான் வழக்கம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. குடல் நாளொன்றுக்கு உறிஞ்சுவதோ சாதாரணமாக 1 அல்லது 2 மில்லிகிராம்தான். ஆகவே ஏழு நாளுக்கு மேல் போகிறதா, ஒன்றிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, பெரிய கட்டிகள் விழுகின்றனவா என்று கேளுங்கள். அம்மாவிடம்கூட இதைச் சொல்லக் கூச்சப்படும் வயது. நீங்களே எடுத்துக் கேட்பது நல்லது.

ஆனால் 'வயசுக்கு வந்த பெண், அப்படித்தான் இருக்கும்' என்று அங்கேயே நிறுத்திவிடுவதால்தான் சீலியாக் பல ஆண்டுகள் தப்பிப் போகிறது. வயிற்றுப்போக்கோ வயிற்றுவலியோ இல்லாமல் இரும்புக் குறைபாடு ஒன்றை மட்டும் காட்டிக்கொண்டு இருக்கக்கூடிய நோய் அது. அடிக்கடி வாய்ப்புண், வயிறு உப்புசம், மலச்சிக்கல், உயரம் ஏறாமை, தள்ளிப்போகும் பருவம், பல்லின் எனாமலில் குறை, முதல் வகை சர்க்கரை நோய், தைராய்டின் தன்னெதிர்ப்பு நோய், ரத்த உறவில் யாருக்காவது சீலியாக் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே சந்தேகம் கூடும். எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு குழாய் ரத்தத்தில் முடிகிற பரிசோதனை. உங்கள் மருத்துவர் சொன்னது சரி. இரும்பு மாத்திரையை உடனே தொடங்கலாம், அது சீலியாக் பரிசோதனையைக் கெடுக்காது. ஆனால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

எனக்கு 15 வயது. அம்மாவுக்கு சீலியாக். என் ஃபெரிட்டின் 11. அம்மாவோடு சேர்ந்து நானும் இன்றே கோதுமையை விட்டுவிட்டால் என்ன? எப்படியும் நல்லதுதானே?

வேண்டாம். பரிசோதனை முடியும் வரை கட்டாயம் வேண்டாம்.

சீலியாக்கைக் கண்டுபிடிக்கும் டிடிஜி–ஐஜிஏ என்ற எதிர்ப்புரதம் நீங்கள் குளூட்டன் சாப்பிடும் வரைதான் ரத்தத்தில் இருக்கும். நிறுத்தினால் அது மெல்ல இறங்கும், குடலும் ஆறத் தொடங்கும். பிறகு ரத்தப் பரிசோதனையும் பயாப்சியும் (சிறுகுடலிலிருந்து சிறு துண்டுகள் எடுத்துப் பார்ப்பது) 'ஒன்றுமில்லை' என்று பொய் சொல்லும். உண்மையை அறிய மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட வேண்டி வரும். விட்டுப் பார்த்து உடம்பு லேசானவர்களுக்கு அது பெரிய தண்டனை. பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேற்பட்ட உணவில் குளூட்டன் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் வழிகாட்டல். ஏற்கெனவே விட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு சீலியாக் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. உங்களுக்கு ஃபெரிட்டினும் குறைவாக இருப்பதால் தள்ளிப்போட இடமில்லை. இந்த முறை டிடிஜி இல்லை என்று வந்தால் அத்தோடு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள், பின்னாளில் தொடங்கலாம். எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனையில் இரண்டும் இல்லை என்றால் சீலியாக் வருவது அரிதிலும் அரிது. இருக்கிறது என்பதால் மட்டும் நோய் என்று ஆகாது. நோயே இல்லாத ஏராளமானவர்களுக்கும் அந்த மரபணு உண்டு.

மகனுக்கு 16 வயது. ஹீமோகுளோபின் 11.2, ஃபெரிட்டின் 48, சீரம் இரும்பு 30, டிஐபிசி 400, சிஆர்பி 24. ஃபெரிட்டின் நன்றாக இருப்பதால் இது இரும்புக் குறைபாடு இல்லை என்கிறார் உறவினர் ஒருவர். சரியா?

சரியில்லை. ஃபெரிட்டினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் அது ஏறும். காய்ச்சல், சளி, குடல் அழற்சி, கல்லீரல் கோளாறு எதுவானாலும் சரி. அதனால்தான் ஃபெரிட்டினோடு, அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதமான சிஆர்பியும் எடுக்கச் சொல்கிறோம். சிஆர்பி உயர்ந்திருக்கும்போது ஃபெரிட்டின் 70-க்குக் கீழே இருந்தாலே குறைபாட்டைச் சந்தேகிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லையை உயர்த்தி வைத்திருக்கிறது. உங்கள் மகனின் 48 அதற்குள் வருகிறது. செறிவைக் கணக்கிட்டால் 30 ÷ 400 × 100 = 7.5 சதவீதம்.

செறிவு அழற்சியாலும் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் வெறும் அழற்சி என்றால் டிஐபிசியும் கூடவே இறங்கும். இங்கே அது 400-இல் நிற்கிறது. ஆகவே அழற்சியும் இருக்கிறது, இரும்பும் இல்லை என்று படிப்பதே பொருத்தம். இன்னும் குழப்பம் இருந்தால் கரையும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி என்ற பரிசோதனை உதவும். அழற்சி அதை அவ்வளவாக அசைக்காது. சளி, காய்ச்சல் இருந்த வாரத்தில் எடுத்த ரத்தமானால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி எடுப்பது அதைவிட எளிய வழி.

மாதவிடாய் இல்லாத 16 வயதுப் பையனுக்கு 11.2 என்றால் காரணம் தேடியே ஆக வேண்டும். சீலியாக் பட்டியலில் உண்டு. ஆனால் சீலியாக் மட்டும் இருந்தால் சிஆர்பி பெரும்பாலும் இவ்வளவு ஏறாது. அதனால் மலத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள். கிரோன் போன்ற குடல் அழற்சி நோய்களுக்கு அது துப்பு கொடுக்கும். எடை குறைந்திருந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

மூன்று மாதமாக இரும்பு மாத்திரை கொடுக்கிறோம். ஹீமோகுளோபின் 10.1-லிருந்து 10.3-க்குத்தான் வந்திருக்கிறது. டோஸைக் கூட்டலாமா?

கூட்டும் முன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எத்தனை மில்லிகிராம் மாத்திரை என்பது வேறு, அதில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்பது வேறு. 325 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட்டில் இரும்பு 65 மி.கி. 300 மி.கி. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் சுமார் 35 மி.கி. மட்டுமே. 'எலிமென்டல் அயன்' என்று அட்டையில் எழுதியிருப்பதுதான் கணக்கு. பதின்வயதினருக்குப் பெரும்பாலும் 60 முதல் 120 மி.கி. வரை எழுதுவார்கள். பல சத்துகளைக் கலந்த டானிக்கில் இது மிகக் குறைவாக இருக்கலாம். போதாக்குறைக்கு அதில் கால்சியமும் கலந்திருக்கும், அது இரும்பை உறிஞ்ச விடாது.

அடுத்து எப்போது, எதோடு கொடுக்கிறீர்கள் என்பது. பால், டீ, காபி, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து இவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, வெறும் வயிற்றில் தண்ணீரோடு கொடுப்பது நல்லது. வயிறு புரட்டினால் சிறிது உணவோடு கொடுக்கலாம். விழுங்காத மாத்திரையைவிடக் குறைவாக உறிஞ்சப்படும் மாத்திரை மேல். ஒரு வேளை மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, சுமார் ஒரு நாளைக்குக் குடலின் இரும்பு வாசலை ஒடுக்கிவிடும். ஆகவே இரும்பை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதால் லாபம் இல்லை. ஒரே வேளை போதும். ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தாலும் நல்ல பலன் இருப்பதாக இளம்பெண்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. மலம் கறுப்பாகப் போகிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் மாத்திரை வயிற்றுக்குப் போகிறதா, வேறெங்காவது போகிறதா என்று யோசிக்க வேண்டும்!

எல்லாம் ஒழுங்காக நடந்தால் 7 முதல் 10 நாளில் ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்கள் கூடும், 4 வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராம் ஏறும். மூன்று மாதத்தில் 0.2 என்பது ஏற்றமே அல்ல, அளவெடுப்பில் வரும் சிறு வித்தியாசம். மாத்திரையை முறையாகக் கொடுத்தும் இப்படி என்றால் சீலியாக்கைத் தேடுவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. இரும்பு உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் முதல் பகுதி. சீலியாக் முதலில் சிதைப்பதும் அதே பகுதியைத்தான். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிட்ட சுவரின் மேல் டோஸைக் கூட்டிக் கொட்டினால் உள்ளே போகாத இரும்பு மலச்சிக்கலையும் வயிற்றுவலியையும்தான் கூட்டும். ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்று, இரைப்பையின் தன்னெதிர்ப்பு அழற்சி, நீண்ட நாள் அமிலம் குறைக்கும் மாத்திரை, நிற்காத ரத்தப்போக்கு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். மாத்திரை வேலை செய்யாதவர்களுக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம்; ஆனால் காரணத்தைத் தேடாமல் ஏற்றிக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரும்பு மாத்திரையைப் பூட்டி வையுங்கள். சில மாத்திரைகளே அதன் உயிருக்கு ஆபத்தாகலாம்.

எம்சிவி 84, நார்மல். ஆர்டிடபிள்யூ மட்டும் 17.5. இரும்புக் குறைபாடு என்றால் சிவப்பணு சிறுத்துப்போக வேண்டாமா?

வேண்டும் என்பது பாடப்புத்தகம். சீலியாக்கில் ஃபோலிக் அமிலமும், சில சமயம் பி12-ம் சேர்ந்து குறையும். இரும்பு இல்லாவிட்டால் அணு சிறுக்கும், ஃபோலிக் அமிலமோ பி12-ஓ இல்லாவிட்டால் பெருக்கும். இரண்டும் கலந்தால் சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி நடுவில் வந்து நிற்கும். அளவுகளின் சிதறலைச் சொல்லும் ஆர்டிடபிள்யூதான் காட்டிக்கொடுக்கும். ஃபெரிட்டினோடு பி12, ஃபோலேட் இரண்டையும் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எம்சிவி 70-க்கும் கீழே, சிவப்பணு எண்ணிக்கையோ 55 லட்சத்துக்கும் மேலே, ஃபெரிட்டின் நன்றாக இருக்கிறது என்றால் ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரையாக வரும் குறையான தலசீமியா மரபுக்கூறாக இருக்கலாம். அதற்கு இரும்பு மாத்திரை தீர்வல்ல. எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் (10 லட்சங்களில்) வகுத்து 13-க்குக் கீழே வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். உறுதி செய்ய ஹீமோகுளோபின் பிரித்தறியும் பரிசோதனை வேண்டும். இரும்புக் குறைபாடும் கூடவே இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் தலசீமியாவைக் காட்டிக்கொடுக்கும் ஹீமோகுளோபின் ஏ2 அளவு தாழ்ந்து ஏமாற்றும்.

டிடிஜி–ஐஜிஏ நெகட்டிவ். ஆனால் மொத்த ஐஜிஏ 7-க்கும் கீழே என்று வந்திருக்கிறது. சீலியாக் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. ஐஜிஏ வகை எதிர்ப்புரதமே உடலில் இல்லாதவரிடம் ஐஜிஏ வகை டிடிஜியைத் தேடினால் கிடைக்காது. அந்த நெகட்டிவுக்கு மதிப்பே இல்லை. சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு 2, 3 பேருக்கு இந்த ஐஜிஏ குறைபாடு இருக்கிறது. பொதுமக்களில் இருப்பதைவிட இது பல மடங்கு. ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்புரதத்தைப் பார்க்கும் டிடிஜி–ஐஜிஜி அல்லது டிஜிபி–ஐஜிஜி பரிசோதனையைக் கேளுங்கள். பாசிட்டிவ் வந்தால் எண்டோஸ்கோப்பி செய்து பயாப்சி எடுத்தே முடிவு சொல்ல வேண்டும்.

ஐஜிஏ சரியாக உள்ள பிள்ளைகளுக்கு வேறு வழி உண்டு. டிடிஜி–ஐஜிஏ லேபின் மேல் எல்லையைப் போல 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு நாள் எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற மற்றொரு சீலியாக் எதிர்ப்புரதமும் பாசிட்டிவ் ஆனால் பயாப்சி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம் என்பது குழந்தைகள் குடல்நோய்க்கான ஐரோப்பிய சங்கம் 2020-இல் தந்த வழிகாட்டல். எல்லையைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கு இது பொருந்தாது. பயாப்சி எடுத்தால் ஒரு துண்டு போதாது. குடல் முழுக்க ஒரே மாதிரி சிதைந்திருக்காது என்பதால் சிறுகுடல் தொடங்கும் குமிழ்ப் பகுதியில் குறைந்தது ஒன்று, அதைத் தாண்டிய பகுதியில் குறைந்தது நான்கு வேண்டும்.

ரத்தம் கொடுக்கப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

காலையில் போங்கள். சீரம் இரும்பும் பார்ப்பதானால் முந்தைய நாள் முதல் இரும்பு மாத்திரையை நிறுத்தலாம். நரம்பு வழியாக இரும்பு ஏற்றியிருந்தால் 4 வாரமாவது பொறுங்கள். அதற்குள் எடுத்த ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். பலர் மறந்துபோகும் ஒன்று பயோட்டின். முடி உதிர்கிறது என்று பிள்ளைகள் தாங்களே வாங்கிப் போடும் முடி, நக மாத்திரைகளில் இது 5, 10 மி.கி. என்று இருக்கும். சில லேப் கருவிகளில் அது ஃபெரிட்டினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள். அடுத்த முறையும் அதே லேபுக்குப் போனால் எண்களை ஒப்பிட வசதி.

மகளுக்குச் சீலியாக் உறுதியாகி ஓராண்டு ஆகிறது. குளூட்டன் இல்லாத உணவுதான். ஃபெரிட்டின் 6-லிருந்து 14 வரைதான் வந்திருக்கிறது. உணவு பலிக்கவில்லையா?

டிடிஜி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. விடை அதில்தான் இருக்கிறது. தொடங்கியபோது இருந்ததைவிட அது நன்றாக இறங்கியிருக்க வேண்டும். முழுதாக நார்மலாக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், திசைதான் முக்கியம்.

இறங்காமல் நிற்கிறது என்றால் எங்கிருந்தோ குளூட்டன் உள்ளே போகிறது. ஒரே டோஸ்டர், ஒரே சலிப்பான், கோதுமை அரைத்த இயந்திரத்தில் அரைத்த மாவு, கோதுமையோடு கலந்துபோன ஓட்ஸ், மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய சாஸ், நண்பர்களோடு வெளியே சாப்பிடுவது என்று வரிசையாகப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதை அதட்டிக் கேட்டால் உண்மை வராது. பொட்டலத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட, சர்வதேச கோடெக்ஸ் தரத்தின்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

டிடிஜி நன்றாக இறங்கியும் ஃபெரிட்டின் ஏறவில்லை என்றால் குடல் ஆறுகிறது, கணக்கு வேறெங்கோ இடிக்கிறது. மாதவிடாய் தொடங்கியிருக்கலாம். இரும்பு செறிவூட்டிய கோதுமை மாவு இருந்த இடத்தில் செறிவூட்டாத மாவு வந்திருக்கலாம்; குளூட்டன் இல்லாத பல தயாரிப்புகளில் இரும்பு சேர்ப்பதில்லை. அல்லது ஹீமோகுளோபின் நார்மலானதும் மாத்திரையை நிறுத்தியிருப்பீர்கள். இதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஹீமோகுளோபின் தேறிய பிறகும் கையிருப்பு நிரம்ப சுமார் 3 மாதம் மாத்திரை தொடர வேண்டும். ஆறிவரும் குடல் இப்போது முன்பைவிட நன்றாக உறிஞ்சும் என்பதால், போன ஆண்டு பலிக்காத அதே மாத்திரை இப்போது பலிக்கலாம். மருத்துவரைக் கேட்டு மறுபடி தொடங்குங்கள். முடித்து 3 மாதம் கழித்து, மாத்திரை இல்லாத நிலையில் ஃபெரிட்டினும் டிடிஜியும் சேர்த்து எடுங்கள். அதில் ஃபெரிட்டின் மீண்டும் சரிந்திருந்தால் ரத்தப்போக்கையும் உணவையும் புதிதாக விசாரிக்க வேண்டும்.